குளங்களோடு வளர்ந்த தாணே

கல்யாண் பக்கம் போகிற மின்சார ரயிலில் முலுண்டைத் தாண்டியதும் மும்பை மாநகராட்சியின் எல்லை முடிந்துவிடுகிறது. அடுத்த ஸ்டேஷன் தாணே. ஆனால் எல்லை மாறியதற்கான அடையாளம் எதுவும் ஜன்னலுக்கு வெளியே தெரிவதில்லை. அங்கும் அதே அடுக்குமாடி, இங்கும் அதே அடுக்குமாடி. இறங்கி மேற்குப் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தால்தான் இது வேறு ஊர் என்பது புலப்படும். கடைத்தெருவின் நெரிசலுக்கு நடுவே திடீரென்று வெட்டவெளியாக நீர் விரிந்து கிடக்கிறது. மசுந்தா தலாவ் என்பது அதன் பெயர். ஊர்க்காரர்கள் 'தலாவ் பாளி' என்பார்கள். குளக்கரை என்று பொருள்.

ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மராத்தியில் தாணே, வெள்ளைக்காரர்கள் எழுதியது தாணா. நம் தமிழ்ப் பத்திரிகைகளில் 'தானே' என்று அச்சாகிறது. 'தானேயில் தீ விபத்து' என்ற தலைப்பைப் பார்த்து, அது தானே பற்றிக் கொண்டதோ என்று ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் திகைப்பதுண்டு. 'ஸ்தானகம்' என்ற பழைய பெயரின் மரூஉவே தாணே. வட கொங்கணத்தை ஆண்ட சிலாஹார மன்னர்கள் ஸ்ரீஸ்தானகம் என்று பெயரிட்டு இதைத் தலைநகராகக் கொண்டிருந்தார்கள். அவர்கள் காலத்துச் சிவாலயம் ஒன்றை 1060-ஆம் ஆண்டுக் கல்வெட்டுடன் அம்பர்நாத்தில் இன்றும் காணலாம். இன்றைய தலைநகரான மும்பை வெறும் மீனவத் தீவுகளாகக் கிடந்த நாளில் தாணே தலைநகர்!

குதிரைக்கு ஆசைப்பட்ட அரசன்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, தாணேயின் பருத்தித் துணியையும் தோலையும் புகழ்கிறார். கூடவே ஒரு வேடிக்கையையும் சொல்கிறார். இவ்வூர் அரசன் கடற்கொள்ளைக்காரர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டிருந்தானாம். பிடிபடும் கப்பலில் குதிரை இருந்தால் அது அரசனுக்கு, மற்றதெல்லாம் கொள்ளையருக்கு. இந்தியாவில் நல்ல குதிரை கிடைக்காத காலம் அது. பாண்டிய நாட்டிலும் அரபுக் குதிரைகளுக்காகப் பெரும் பொருள் செலவானதை நம் சரித்திரப் புத்தகங்கள் சொல்கின்றன. அங்கே விலை கொடுத்து வாங்கினார்கள். இங்கே வழி வேறாக இருந்திருக்கிறது. தாணேயின் வடபக்கம் 'கோட்பந்தர்' என்று ஒரு சாலை இருக்கிறதே, அந்தப் பெயருக்குக் குதிரைத் துறைமுகம் என்று பொருள். இன்று அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன.

போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் வந்தார்கள். 1730-ஐ ஒட்டி இங்கே ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். கட்டி முடித்து அனுபவிக்க அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1737-ல் சிமாஜி அப்பாவின் தலைமையில் மராத்தியர் பிடித்தார்கள். 1774 டிசம்பரில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அந்தக் கோட்டைதான் பின்னாளில் சிறைச்சாலையாகி, இன்றும் மத்தியச் சிறையாக இருந்து வருகிறது.

கோட்டை கண்ட கதைகளில் ஒன்று, மராத்தி தெரியாமல் மும்பையில் காலம் தள்ளும் நம்மவர்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டியது. பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் அமைச்சர் திரிம்பக்ஜி டெங்க்ளேயை ஆங்கிலேயர் ஒரு கொலைக் குற்றத்துக்காக 1815-ல் இங்கே அடைத்தார்கள். உள்ளூர்க்காரர்களை நம்பக் கூடாது என்று காவலுக்கு வெள்ளைச் சிப்பாய்களை மட்டுமே போட்டார்கள். அதுவே வினையாயிற்று. குதிரைக்காரன் ஒருவன் தினமும் ஜன்னலுக்குக் கீழே குதிரையை நடத்திக்கொண்டே மராத்தியில் பாடுவானாம். தப்பிக்க வேண்டிய வழி, காத்திருக்கும் ஆட்கள், குதிரைகள் எல்லாம் பாட்டிலேயே போய்ச் சேர்ந்தன. காவலர்கள் பாட்டை ரசித்தார்களே ஒழிய ஒரு சொல்லும் புரியவில்லை. 1816 செப்டம்பரில் ஓர் இரவு கைதி சுவரில் துளையிட்டு மறைந்தார். அடுத்த ஆண்டு மராத்தியப் போர் மூண்டது.

வேறொன்று கண்ணீர் வரவழைப்பது. நாசிக்கில் கலெக்டர் ஜாக்சனைச் சுட்ட இளைஞர் அனந்த் கான்ஹேரே, தோழர்கள் கிருஷ்ணாஜி கார்வே, விநாயக் தேஷ்பாண்டே இருவருடன் 1910 ஏப்ரல் 19-ல் இந்தச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது அதற்கு அடுத்த ஆண்டு ஜூனில்.

சிறை ஒருபுறம், 1901-ல் ஏற்பட்ட மனநல மருத்துவமனை மறுபுறம். இரண்டும் சேர்ந்து ஊருக்கு ஒரு பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டன. 'கீழ்ப்பாக்கம்' என்று நாம் கேலி பேசுவதைப் போல, 'இவனைத் தாணேக்கு அனுப்ப வேண்டியதுதான்' என்று மராத்தியர் சொல்வதுண்டு. நோயாளிகளைச் சொல்லிச் சிரிக்கும் அந்த வழக்கம் இரண்டு ஊரிலும் குறைந்து வருவது நல்லதே.

முதல் ரயிலும் பிறகும்

1853 ஏப்ரல் 16, சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி. போரிபந்தரிலிருந்து பதினான்கு பெட்டிகளில் நானூறு விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. போய்ச் சேர்ந்த ஊர் தாணே. தூரம் 34 கிலோமீட்டர். மறு ஆண்டே கழிமுகத்தின் மேல் பாலம் கட்டிக் கல்யாண் வரை கொண்டு போனார்கள். பார்சிக் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை 1916-ல் வந்தது.

ரயில் வந்ததால் ஊர் வளர்ந்தது என்று எழுதிவிடுவது சுலபம். உண்மையில் தாணேக்கு அதனால் முதலில் நஷ்டமே ஏற்பட்டது என்பது என் எண்ணம். அதுவரை உள்நாட்டிலிருந்து வரும் சரக்கு தாணேயில் தங்கி, படகேறிப் பம்பாய் போகும். ரயில் ஓடத் தொடங்கியதும் சரக்கு தாணேயை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே தலைநகருக்குப் போயிற்று. 1863-ல் நகராட்சி அமைந்தபோதும், கலெக்டர் கச்சேரியும் கோர்ட்டும் வக்கீல்களும் உள்ள ஒரு ஜில்லாத் தலைநகர் என்ற அளவிலேயே தாணே இருந்தது. வயல்கள், தென்னை, குளங்கள், 1893-லேயே தொடங்கப்பட்ட ஒரு மராத்தி நூல் நிலையம், பேனே இஸ்ரவேலர் 1879-ல் கட்டிய ஜெப ஆலயம். அமைதியான வாழ்க்கை.

அதைக் கலைத்தது தொழிற்சாலை. ரேமண்ட் கம்பளி மில் 1925-லேயே இங்கே வந்துவிட்டது. 1944-ல் அது சிங்கானியா குடும்பத்தார் கைக்குப் போனது. 1960-களின் தொடக்கத்தில் வாக்ளே தொழிற்பேட்டை ஏற்பட்டதும் தாணேயின் முகம் மாறியது. பொக்ரான் சாலையில் வோல்டாஸ், கோல்ஷேத்தில் சாண்டோஸ், கழிமுகத்துக்கு அக்கரையில் பேலாப்பூர் சாலை நெடுக ரசாயனத் தொழிற்சாலைகள். சாக்லெட் ஆலையின் பெயரால் 'காட்பரி சந்திப்பு' என்றே ஒரு நாற்சந்தி உண்டு. ஃபிட்டர், டர்னர், டைப்பிஸ்ட், ஸ்டெனோ என்று நம்மவர்கள் வந்து இறங்கியது இந்தக் காலத்தில்தான். மாட்டுங்காவில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்கள், பகடிப் பணம் கொடுக்க முடியாமல் முலுண்ட், தாணே, டோம்பிவிலி என்று ரயில் பாதையோடு நகர்ந்தார்கள். கூட்டுறவு ஹவுசிங் சொசைட்டியில் ஓர் அறையும் சமையலறையும் சொந்தமாக வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாணேயைத்தான் சொந்த ஊர் என்கிறார்கள்.

அதே 1960-களில்தான் தென்னிந்தியர்களுக்கு எதிரான கோஷத்தோடு சிவசேனை எழுந்தது என்பதையும் மறப்பதற்கில்லை. அக்கட்சி முதன்முதலில் அதிகாரத்தைக் கைப்பற்றிய இடம் பம்பாய் அல்ல. 1967-ல் தாணே நகராட்சிதான். அன்று இங்கே வீடு பார்த்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது எத்தனை கவலையைத் தந்திருக்கும்! ஆனாலும் இருந்தார்கள். காலப்போக்கில் கோஷத்தின் திசையும் மாறியது. இந்த ஊரில் ஆட்டோ ஓட்டிய ஏக்நாத் ஷிண்டே 2022-ல் மாநில முதலமைச்சராகவே ஆனார்.

தலாவில் தலாவ் உண்டா?

இனிக் குளங்களுக்கு வருவோம். ஏரி நகரம் என்று விளம்பரப் பலகைகள் சொன்னாலும், இவற்றைப் பார்த்தால் நமக்குக் குளம் என்றே சொல்லத் தோன்றும். பாசனத்துக்கான மதகும் கலிங்கலும் உள்ள செங்கற்பட்டு ஏரிகள் அல்ல இவை. கிராமத்துக்கு ஒன்றாக, குளிக்கவும் மாட்டைக் குளிப்பாட்டவும் மீன் பிடிக்கவும் வெட்டப்பட்டவை. அறுபதுக்கு மேல் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று எஞ்சியவை முப்பத்தைந்து சொச்சம். சித்தேஷ்வர், கச்ராளி, ராய்லாதேவி, அம்பே கோசாளே, ஹரியாலி, கோல்பாட் என்று பெயர்களே கேட்க இனிமையாக இருக்கின்றன. 'மக்மலி' என்று ஒன்று. வெல்வெட் குளம்! அந்தக் காலத்து நெசவாளர்களை அது நினைவூட்டுகிறது.

குளத்தைத் தூர்த்து ஊர் கட்டுவது நமக்குப் புதிதல்ல. மாம்பலத்து நெடிய ஏரியை வற்றடித்துத்தான் தியாகராய நகர் உண்டாயிற்று. நுங்கம்பாக்கம் ஏரியின் மேல் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மும்பை இன்னும் ஒரு படி மேல். தோபி தலாவில் தலாவ் இல்லை. 1942-ல் காந்தியடிகள் 'வெள்ளையனே வெளியேறு' என்று முழங்கிய கோவாலியா டாங்க்கில் அப்போதே டாங்க் இல்லை, மைதானம்தான் இருந்தது. பெயரை வைத்துக்கொண்டு தண்ணீரைத் தொலைத்தது தலைநகரம். தாணே அத்தனை வேகமாகத் தொலைக்கவில்லை என்பதே அதன் பெருமை.

மசுந்தாவை எடுத்துக் கொள்ளுங்கள். பக்கத்திலேயே கோபினேஷ்வர் கோயில். உள்ளே பெரிய லிங்கம். 1760-ஐ ஒட்டி மராத்தியர் ஆட்சியில் புதுப்பிக்கப்பட்டது. முன்பு நீர் கோயில் படி வரை இருந்ததாகவும், நடுவே சாலை போட்ட பிறகு விலகிப் போனதாகவும் சொல்கிறார்கள். மறுகரையில் 1978-ல் திறக்கப்பட்ட கட்கரி ரங்காயதன் நாடக அரங்கு, நாடகாசிரியர் ராம் கணேஷ் கட்கரியின் பெயரைத் தாங்கியது. மாலை ஆறு மணிக்கு மேல் குளத்தைச் சுற்றி இடம் கிடைக்காது. படகுச் சவாரி செய்யும் பிள்ளைகள், சுண்டல் கொறிக்கும் பெரியவர்கள், நாடகம் விட்டு வந்து குடும்பத்தோடு வாதம் செய்பவர்கள். மாம்லேதார் கச்சேரி அருகே விற்கும் மிசள் சாப்பிட்டுவிட்டுக் காரம் தாங்காமல் இங்கே வந்து மூச்சு வாங்குவோரும் உண்டு. ஏழை பணக்காரர் என்று பாராமல் எல்லாரும் காசில்லாமல் உட்காரக் கூடிய இடம் ஒரு நகரத்தின் நடுவே இருப்பது சாமானியமான பாக்கியம் அல்ல.

ஆனால் கரையின் அழகைக் கொண்டு நீரின் ஆரோக்கியத்தை எடை போட முடியாது. மாநகராட்சி பல குளங்களுக்குக் கான்கிரீட் சுவர், நடைபாதை, வர்ண விளக்கு, நீரூற்று எல்லாம் போட்டிருக்கிறது. சுவர் எழும்பியதும் வரத்துக்கால் அடைபடுகிறது. மழைநீர் குளத்துக்குப் போகாமல் சாலையோடு ஓடி நாலாவில் சேர்கிறது. குளத்துக்கு வருவதோ பக்கத்துக் குடியிருப்பின் கழிவு. கழிவு சேரச் சேரப் பாசி பெருகும். பகலில் ஆக்சிஜனைத் தருகிற அதே பாசி, இரவில் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தானே எடுத்துக் கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் வெள்ளை வெள்ளையாக மிதக்கும். இந்தக் காட்சி தாணேக்காரர்களுக்குப் புதிதல்ல. நம் ஊரில் கோடையில் குளம் வற்றும், ஊர் கூடித் தூர் வாரும், வண்டல் வயலுக்குப் போகும். வயல் இருந்தவரை வண்டலுக்கு மதிப்பு இருந்தது. வயலும் போய், வண்டலோடு பிளாஸ்டிக்கும் சேர்ந்த பிறகு யார் அள்ளுவார்கள்?

ஒரு நல்ல காரியத்தைப் பாராட்டியே தீர வேண்டும். பிள்ளையார் சதுர்த்திக்குப் பிறகு ஆயிரக்கணக்கான விக்கிரகங்கள் இந்தக் குளங்களில்தான் கரைக்கப்பட்டு வந்தன. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் ரசாயன வர்ணமும் அடியில் போய்ப் படிந்தன. தாணே மாநகராட்சி குளத்தின் அருகிலேயே செயற்கைத் தொட்டிகள் அமைத்து அதில் விசர்ஜனம் செய்யுமாறு மக்களைக் கேட்டுக் கொண்டது. முணுமுணுப்பு இருந்தது. பிறகு ஏற்றுக் கொண்டார்கள். மற்ற ஊர்கள் பின்னால் வந்து கற்றுக் கொண்டன.

அணை பக்கத்தில், தண்ணீர் டாங்கரில்

இத்தனை குளம் உள்ள ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குளத்திலிருந்து அல்ல. பாட்சா, உல்ஹாஸ் ஆறுகளிலிருந்தும், தொழில் வளர்ச்சிக் கழகத்தின் பார்வி அணையிலிருந்தும், மும்பை மாநகராட்சி தரும் பங்கிலிருந்தும் குழாயில் வருகிறது. தாணே மாநகராட்சிக்குச் சொந்தமாக ஓர் அணை கிடையாது. எங்காவது ஒரு குழாய் உடைந்தால் வீட்டில் பக்கெட் வரிசைதான்.

பக்கத்துத் தலைநகரின் தாகம் மிகப் பெரியது. 1860-ல் விஹார் போதும் என்று நினைத்தார்கள். பிறகு துளசி, 1892-ல் தான்சா, 1957-ல் மோடக் சாகர், அப்புறம் மேல் வைதர்ணா, பாட்சா, 2014-ல் மத்திய வைதர்ணா. வடக்கே, கிழக்கே என்று மலைகளுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது மும்பையின் குழாய். தான்சாவும் பாட்சாவும் தாணே ஜில்லாவின் ஷஹாபூர் தாலுகாவில் இருக்கின்றன. அந்தத் தாலுகாவிலேயே கோடை வந்தால் ஆதிவாசிப் பெண்கள் டாங்கர் லாரிக்காகக் குடங்களோடு காத்திருக்கிறார்கள். அணைக்கரைக் கிராமங்கள் மேட்டில். குழாயோ பள்ளத்தில் நகரத்தை நோக்கி ஓடுகிறது. செம்பூரிலும் சயானிலும் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் நம் வீடுகளில், அது எந்த ஊர்க் குடத்துக்குப் போயிருக்க வேண்டியது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

கிடுகிடுவென்ற வளர்ச்சி

1982 அக்டோபர் 1-ஆம் தேதி சுற்றுக் கிராமங்களையும் சேர்த்துக்கொண்டு தாணே மாநகராட்சியானது. 1991-ல் ஜனத்தொகை சுமார் 8 லட்சம். 2001-ல் பன்னிரண்டரை லட்சத்தைத் தாண்டியது. 2011-ல் 18 லட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே அதிக மக்கள் கொண்ட ஜில்லா தாணேதான். ஒரு கோடியே பத்து லட்சம். நிர்வாகம் தாங்காமல் 2014 ஆகஸ்டில் பால்கரைத் தனி ஜில்லாவாகப் பிரித்தார்கள்.

ஆள் வந்தது, ஆலை போயிற்று. ரேமண்ட் மில் 2009 முடிவில் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று பல மாடிக் குடியிருப்புகள். வாக்ளே எஸ்டேட்டில் லேத் ஓடிய கொட்டகைகளுக்குப் பதில் கண்ணாடிச் சுவர் ஆபீஸ்கள். மில் சங்கு ஊதி எழுந்த ஊர் இப்போது கைப்பேசியில் அலாரம் வைத்து எழுந்து, 7.42 லோக்கலைப் பிடிக்க ஓடுகிறது.

ஓடிப் பிடிப்பதும் எளிதல்ல. 2004-ல் வாஷி பாதை வந்த பிறகு தாணே ஸ்டேஷனில் நெரிசல் இரட்டித்தது. 2025 ஜூன் 9-ஆம் தேதி காலை மும்ப்ரா அருகே நெரிசல் மிகுந்த ரயில்களின் வாசலில் தொங்கியவர்கள் தண்டவாளத்தில் விழுந்து உயிரிழந்தார்கள். வேலைக்குக் கிளம்பியவர்கள் அவர்கள். வடாலா–காசர்வடவலி மெட்ரோ வேலை 2018-ல் தொடங்கியது; அந்த ஆண்டு பள்ளியில் சேர்ந்த பிள்ளை நடுநிலைப் பள்ளிக்கு வந்த பிறகும் வேலை நடந்தது.

வீட்டு விலைக்கு எட்டாதவர்களின் கதை இதைவிடக் கொடியது. 2013 ஏப்ரல் 4-ல் ஷில்பாட்டாவில், அனுமதியில்லாமல் சில வாரங்களுக்குள் எழுப்பப்பட்ட அடுக்குமாடி இடிந்து விழுந்தது. மேல் மாடியில் வேலை நடக்கும்போதே கீழ் மாடிகளில் குடிவைத்திருந்தார்கள். 74 பேர் மாண்டார்கள். கட்டட வேலைக்காரர்களும் அவர்களுடைய குழந்தைகளுமே பெரும்பாலோர். ஒரு நகரம் எவ்வளவு உயரம் வளர்ந்தது என்று அளக்கும்போது அந்தக் கட்டடத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

மலைப்பக்கமும் அப்படியே. ஏவூர் மலை தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. அடிவாரத்தில் உபவன் ஏரி. அங்கிருந்து பார்த்தால் ஒருபக்கம் காடு, மறுபக்கம் கோபுரம் போன்ற குடியிருப்புகள். சிறுத்தை எப்போதாவது குடியிருப்புக்குள் வந்துவிடுகிறது. 'சிறுத்தை ஊருக்குள் புகுந்தது' என்று செய்தி போடுகிறோம். யார் யாருடைய இடத்துக்குள் புகுந்தார்கள் என்பதைச் சிறுத்தையிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

இன்னும் இருக்கும் சந்தோஷங்களையும் சொல்லிவிடுகிறேன். தாணேக் கழிமுகத்தில் ஆண்டுதோறும் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. 2015-ல் சரணாலயமாகவும், 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலமாகவும் அது அறிவிக்கப்பட்டது. சுற்றிலும் ஆலைகளும் பாலங்களும் இருக்க, சேற்றில் இளஞ்சிவப்பாக ஆயிரமாயிரம் பறவைகள் மேய்வதைக் காண மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. ஐரோலியிலிருந்து வனத்துறைப் படகு உண்டு. கடல்நீர் ஏற்றத்தைப் பார்த்துத்தான் படகு விடுவார்கள். நேரத்தை முன்னதாக விசாரித்துக்கொண்டு போவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு போகிறவர்கள் காலையில் பறவைகளைப் பார்த்துவிட்டு, தாணே திரும்பி வெயில் தாழ்ந்ததும் உபவனுக்குப் போகலாம். ஸ்டேஷனுக்கு வெளியே நகர பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் கிடைக்கும். திரும்பும்போது ஆறு மணிக்கு முன்பே வண்டி ஏறுங்கள். பிறகு ஏறுவது உங்கள் கையில் இல்லை.